சீறிப் பாய்ந்த டோரதி லெவிட்



நம்ம செஞ்சியில் வேகம்னு சொன்னாலே எல்லாருக்கும் தேசிங்கு ராஜா குதிரைதான் ஞாபகம் வரும். அதைப் பற்றிப் போன வருஷமே இந்தச் சுவரில் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவது கார் ஓட்டிய ஒரு பெண்ணைப் பற்றி. பெயர் டோரதி லெவிட். ஊர் லண்டன்.

1882 ஜனவரி 5-இல் பிறந்தார். சொந்தப் பெயர் எலிசபெத் லெவி. படித்து முடித்து நேப்பியர் என்ற கார் கம்பெனியில் டைப் அடிக்கும் வேலைக்குப் போனார். அங்கே செல்வின் எட்ஜ் என்று ஒருவர் இருந்தார். அவரே பெரிய ரேஸ்காரர். ஒரு பெண் எங்கள் காரை ஓட்டினால் ஊரே பேசும், கார் நல்லா விற்கும் என்று கணக்குப் போட்டார். விளம்பரத்துக்காகத்தான் டோரதியை ஓட்ட வைத்தார். ஆனால் அவர் நினைத்ததுக்கு மேலேயே இந்த அம்மா ஓட்டிவிட்டார்!

பாரிஸ் போய் ஆறு மாதம் காரைப் பற்றிக் கற்றுக்கொண்டார். ஓட்ட மட்டும் இல்லை, கழற்றி மாட்டவும்தான். 1903-இல் போட்டிகளில் இறங்கினார். அதே வருஷம் நவம்பரில் லண்டன் ஹைட் பார்க்கில் வேகமாகப் போனார் என்று போலீஸ் பிடித்து, 5 பவுன் அபராதம் போட்டார்கள்.

அவரிடம் டோடோ என்று ஒரு கறுப்பு நாய்க்குட்டி இருந்தது. போட்டிக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போவார். 1904-இல் ஒரு போட்டியில் மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்ய ஆளுக்கு ஒரு பொம்மை நாயை வண்டி முன்னாடி கட்டிக்கொண்டு வந்தார்களாம். டோரதி கோபப்படவே இல்லை. எல்லோருக்கும் நாய் பிஸ்கட் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். இதைப் படித்ததும் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

1905-இல் லண்டனிலிருந்து லிவர்பூல் போய்த் திரும்பி வந்தார். ஒரு வழி 205 மைல், அதாவது 330 கிலோமீட்டர். மெக்கானிக் துணை கிடையாது. அந்தக் காலத்தில் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். 1905 ஜூலையில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் வேகப் போட்டி நடந்தது. இதற்காகவே கடற்கரை ரோட்டைத் தார் போட்டு வழவழப்பாக்கினார்கள். நேர் ரோடு. வளைவு கிடையாது. கடிகாரத்தோடு போட்டி. இப்போது டிராக் ரேஸ் என்று இரண்டு கார்கள் ஒன்றாகக் கிளம்பி 400 மீட்டர் சீறிப் பாய்கின்றனவே, அதற்குத் தாத்தா மாதிரி இது.

நேர் ரோட்டில் ஓட்டுவதில் என்ன பெருமை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போகாதா என்று நானும் நினைத்தேன். டிராக்டர் ஓட்டும் எங்க மாமாவைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். கிளம்பும்போது க்ளட்சைப் படக்கென்று விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், இல்லையென்றால் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். மெதுவாக விட்டாலோ நேரம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது காலுக்குத்தான் தெரியும். அப்புறம் கியர். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். அந்த நேரம் வண்டி சும்மா உருளும், வேகம் ஏறாது. சீக்கிரம் மாற்றினால் இழுவை பத்தாது, லேட்டாக மாற்றினால் இன்ஜின் வீணாகக் கத்தும். நேரத்தைக் குறைப்பது என்றால் இந்தச் சின்னச் சின்ன நொடிகளை மிச்சம் பிடிப்பதுதான்.

டோரதி காலத்தில் இது இன்னும் கஷ்டம். இப்போதைய வண்டிகளில் கியர் சுலபமாக விழ ஒரு அமைப்பு இருக்கிறது. அது 1928-இல்தான் அமெரிக்காவில் கெடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்னால் க்ளட்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, விட்டு, இன்ஜின் வேகம் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி மிதித்து அடுத்த கியர் போட வேண்டும். தப்பினால் பல்சக்கரம் கிறீச்சென்று அரைபடும். இரும்பு மாதிரி கெட்டியான க்ளட்ச், பவர் ஸ்டியரிங் இல்லை, சீட் பெல்ட் இல்லை, ஹெல்மெட் இல்லை. உடம்பில் நீளப் பாவாடை வேறு!

80 குதிரைசக்தி நேப்பியர் காரில் அன்றைக்கு அவர் போன வேகம் மணிக்கு 128 கிலோமீட்டர். பெண்களில் உலக சாதனை. தன் பிரிவில் பல ஆண்களைத் தோற்கடித்துக் கோப்பையும் வாங்கினார். செஞ்சியிலிருந்து திண்டிவனம் 28 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் 13 நிமிஷம்தான். நம்ம பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த வருஷம், 1906 அக்டோபரில், பிளாக்பூலில் 146 கிலோமீட்டர் வேகம் போய்த் தன் சாதனையைத் தானே முறியடித்தார். அந்த ஓட்டத்தில் இன்ஜின் மூடியின் முன்பகுதி கழன்று ஆட ஆரம்பித்ததாம். பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்திருந்தால் அவ்வளவுதான். பதறாமல் வண்டியை நிறுத்திவிட்டார்.

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1907-இல் லண்டன் பக்கத்தில் ப்ரூக்லேண்ட்ஸ் என்று கார் ரேஸுக்காகவே ஒரு மைதானம் கட்டினார்கள். டோரதி விண்ணப்பித்தார். பெண் என்பதால் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கை சரியில்லை, கார் சரியில்லை என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உலக சாதனை செய்தவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். எனக்கு இதை எழுதும்போதே கோபம் வருகிறது. அவர் சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஜெர்மனி, பிரான்ஸ் என்று போய் அங்கே ஓட்டினார். 1908-இல்தான் ப்ரூக்லேண்ட்ஸில் பெண்களுக்கு என்று தனியாக ஒரு போட்டி வைத்தார்கள். அதில் மியூரியல் தாம்சன் என்பவர் ஜெயித்தார்.

1909-இல் டோரதி பெண்களுக்காகக் கார் ஓட்டுவது பற்றிப் புத்தகம் எழுதினார். சீட்டுக்கு அடியில் உள்ள சின்ன டிராயரில் கையுறை, சாக்லேட், ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கண்ணாடி பவுடர் போட மட்டும் இல்லை! அவ்வப்போது உயர்த்திப் பிடித்து, பின்னால் என்ன வண்டி வருகிறது என்று பார்க்க. அப்போது கார்களில் அந்தக் கண்ணாடியே கிடையாது. 1911-இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500 ரேஸில் ஜெயித்த ரே ஹாரூன் தன் காரில் ஒன்று மாட்டியிருந்தார். டோரதி அதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே எழுதிவிட்டார்.

அப்புறம் பிரான்சில் விமானம் ஓட்டக் கற்கப் போனார். 1910-க்குப் பிறகு அவர் பெயர் பேப்பரில் வருவது நின்றுபோனது. முதல் உலகப் போர் வந்தது, ரேஸும் நின்றது, கம்பெனிக்கும் அவரால் விளம்பரம் தேவைப்படவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1922 மே 17-இல் லண்டனில் தன் வீட்டில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். இருதய நோய் இருந்தது, அம்மையும் வந்திருந்தது, மார்ஃபின் மருந்து அளவு மீறிப்போனது. தெரியாமல் நடந்த விபத்து என்று விசாரணையில் முடித்தார்கள். வயது 40.

நம்ம தமிழ்நாட்டில் அரசு பஸ் ஓட்ட முதல் பெண் டிரைவராக வசந்தகுமாரி வேலைக்குச் சேர்ந்தது 1993-இல். கன்னியாகுமரி மாவட்டம். டோரதி பிரைட்டனில் ஓட்டி 88 வருஷம் கழித்து.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி