மர்ஹூம் ஏ.சி.எஸ். ஹமீது: சிறிய நாட்டின் வெளியுறவு அமைச்சர்

இலங்கையைப் பற்றிய செய்திகளை நாம் எப்போதும் இக்கரையில் நின்றே பார்த்துப் பழகியவர்கள். நெம்மேலி தொடங்கி இராமேஸ்வரம் வரையிலான கடற்கரை மக்களுக்கு இலங்கை என்றால் மீனவர் சிக்கலும், அகதிகளாய் வந்திறங்கிய குடும்பங்களும், 1980களின் இரத்தக்களரியுமே நினைவுக்கு வரும். அக்கரையிலிருந்து நோக்கினால் நம் நாடு எவ்வாறு தோன்றும் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை 68 கோடி. இலங்கையினுடையதோ ஒன்றரைக் கோடிக்கும் சற்றுக் குறைவு. இத்தகைய பேரண்டை நாட்டுடன் பேசும் பொறுப்பைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சுமந்தவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு முஸ்லிம் என்பதை நம் ஜமாஅத்தாரில் இளையோர் பலர் அறியமாட்டார்கள். அவர்தாம் மர்ஹூம் அப்துல் காதர் சாகுல் ஹமீது அவர்கள்.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் சாலையில், மலைகளுக்கிடையே அமைந்த ஊர் அக்குறணை. வணிகத்துக்குப் பெயர் பெற்ற முஸ்லிம்கள் நிறைந்த பகுதி. அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்த ஹமீது அவர்கள் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் 1960ஆம் ஆண்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அக்காலத்தில் இலங்கை முஸ்லிம்கள் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே இருந்தனர். சுற்றிலும் சிங்கள வாக்காளர்கள் பெருகியிருந்த பகுதியில் மீண்டும் மீண்டும் வெற்றி பெற்றதே அவருடைய அரசியல் பயிற்சி எனலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளும் அவருக்குக் கைவந்திருந்தன.

விடுதலை பெற்ற 1948 முதல் இலங்கையில் வெளிவிவகாரத் துறையைப் பிரதமரே தம் கையில் வைத்திருப்பது வழக்கம். 1977 ஜூலையில் பெருவெற்றி பெற்ற ஜே.ஆர். ஜெயவர்த்தனே அவ்வழக்கத்தை மாற்றி, அத்துறையைத் தனி அமைச்சரிடம் ஒப்படைத்தார். அவ்வாறு அந்நாட்டின் முதல் தனி வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் ஹமீது.

அப்போது அணிசேரா இயக்கத்தின் தலைமை இலங்கையிடம் இருந்தது. எகிப்து 1979 மார்ச்சில் இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்டதால், அதனை இயக்கத்திலிருந்து விலக்க வேண்டுமென்று அரபு நாடுகள் பல வற்புறுத்தின. அவ்வாண்டு ஜூனில் கொழும்பில் கூடிய அமைச்சர் கூட்டத்தில் இப்பிரச்சினை பெரும் புயலாய் எழுந்தது. இயக்கம் உடைந்துபோகாமல், ஹவானா மாநாடு வரை அது கொண்டுசேர்க்கப்பட்டது. எகிப்தும் விலக்கப்படவில்லை. கூட்டத்தை நடத்திய நாட்டின் அமைச்சருக்கு இதில் உரிய பங்கு உண்டு.

இந்தியாவுடனான உறவும் தொடக்கத்தில் இனிதாகவே இருந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் 1979இல் இலங்கைக்கு விருந்தினராகச் சென்றுவந்தார். 1980இல் இந்திரா காந்தி அம்மையார் ஆட்சிக்குத் திரும்பிய பின் நிலைமை மாறியது. ஜெயவர்த்தனேயின் அரசு மேற்கு நாடுகளின் பக்கம் சாய்வதாக டெல்லி கருதியது. திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகள் யார் கைக்குப் போகும், அமெரிக்க வானொலியின் அஞ்சல் நிலையம் எதற்குப் பயன்படும் என்ற ஐயங்கள் வளர்ந்தன. சிறிய நாடு தன் வீட்டுக்குள் யாரை விருந்துக்கு அழைக்கிறது என்பதைக்கூடப் பெரிய நாடு எட்டிப் பார்க்கும். இது உலக வழக்கம்தான். 1981இல் இலங்கை ஆசியான் அமைப்பில் இடம் கேட்டதும், அது கிடைக்காமற்போனதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கவை. அண்டை வீட்டை மாற்றிக்கொள்ள எந்நாட்டாலும் இயலாது அல்லவா!

1983 ஜூலைக் கலவரம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருக்கையில், ஜூலை 28ஆம் நாள் இந்திய வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவ் கொழும்பு சென்றிறங்கினார். தமிழகம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்நேரத்தில்தான், பின்னாளில் சார்க் எனப் பெயர் பெற்ற தெற்காசியக் கூட்டமைப்புக்காக ஏழு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் ஆகஸ்டு 1, 2 தேதிகளில் டெல்லியில் கூட வேண்டியிருந்தது. புகை அடங்காத நாட்டின் அமைச்சராக ஹமீது அங்கு சென்று அமர்ந்தார். கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமும் இட்டார். தமிழ் பேசும் ஒருவர், தமிழரைக் காக்கத் தவறிய அரசின் சார்பில் தலைநகர் டெல்லியில் விடை சொல்ல வேண்டிய நிலை. அப்பொறுப்பை அவர் துறந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. ஆயினும் டெல்லியுடன் பேசும் கதவு அவ்வாரத்தில் மூடப்பட்டிருந்தால் பயன் யாருக்குக் கிடைத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

மறு ஆண்டு வேறொரு சோதனை வந்தது. 1970 முதல் துண்டிக்கப்பட்டிருந்த இஸ்ரேல் தொடர்பை 1984இல் கொழும்பு அரசு புதுப்பித்தது. அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவொன்று திறக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சிக்கு ஆள் தேவைப்பட்டதே காரணம். இலங்கை முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தனர். முஸ்லிம் ஒருவர் வெளியுறவு அமைச்சராக இருக்கும்போதே இது நடந்தது. அவரும் பதவியில் நீடித்தார். இஃது அவருடைய வாழ்வில் சமுதாயத்தார் மனம் நொந்த பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவுடனான மெய்யான பேரம் வெளியுறவு அமைச்சரின் மேசையில் நடக்கவில்லை. 1983 ஆகஸ்டில் டெல்லிக்குத் தூது சென்றவரும், 1985இல் திம்புப் பேச்சுவார்த்தையில் இலங்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அதிபரின் உடன்பிறந்தாரான ஹெக்டர் ஜெயவர்த்தனே. 1987இல் உடன்படிக்கைக்கு முன்னின்று உழைத்தவர் காமினி திசாநாயக்கா. உலக அரங்குகளில் நாட்டின் முகமாக நின்றவருக்கு, வீட்டு வாசலில் நடந்த பேச்சில் இரண்டாமிடமே கிடைத்தது.

1987 ஜூன் 3ஆம் நாள் நம் கரையிலிருந்து யாழ்ப்பாண மக்களுக்கு நிவாரணப் பொருள்களுடன் சென்ற 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாளே இந்திய விமானப்படையின் ஐந்து சரக்கு விமானங்கள், போர் விமானங்களின் காவலுடன் பறந்து சென்று அப்பொருள்களை யாழ்ப்பாணத்தில் போட்டுத் திரும்பின. தமிழகத்தில் மகிழ்ச்சி பொங்கியது. இலங்கை அரசோ தன் இறையாண்மை மீறப்பட்டதாகக் கண்டனம் எழுப்பியது. பத்தாண்டுகளாக உலகெங்கும் தேடிய நட்புகளில் ஒன்றும் அன்று படையுடன் துணைக்கு வரவில்லை. எட்டு வாரங்களுக்குள், ஜூலை 29இல், ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். உடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலையும், அயல்நாட்டு ஒலிபரப்பும், அயல்நாட்டு இராணுவ ஆலோசகர்களும் இடம்பெற்றிருந்தன. டெல்லி ஐயுற்ற ஒவ்வொன்றுக்கும் அதில் விடை எழுதி வாங்கப்பட்டது.

1989இல் அதிபரான பிரேமதாசா வெளியுறவுத் துறையை வேறொருவரிடம் கொடுத்தார். ஆனால் விடுதலைப் புலிகளுடன் பேச ஆள் தேவைப்பட்டபோது ஹமீதையே அழைத்தார். இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்பதில் அரசும் புலிகளும் ஒன்றுபட்டிருந்த விந்தையான காலம் அது. மூன்றாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்து, 1990 மார்ச்சில் நம் படை திரும்பியது. அதுவரை இரு தரப்பையும் பிணைத்திருந்த கயிறும் அத்துடன் அறுந்தது. ஜூன் மாதம் கிழக்கில் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டு, சரணடைந்த காவலர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டபோது, ஹமீது உயிருக்குத் துணிந்து யாழ்ப்பாணம் சென்று போர் நிறுத்தத்துக்கு மன்றாடினார். பலனில்லை.

ஆகஸ்டு 3ஆம் நாள் காத்தான்குடியில் இஷா தொழுகையில் நின்றவர்கள் பள்ளிவாசல்களுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷஹீதானோர் நூற்றுக்கும் மேல். அக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் யாவரும் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். பதினான்கு மாதங்கள் பொறுமையாகப் பேசியவரின் சமுதாயத்துக்கே இக்கதி நேர்ந்தது. அதன் பின்னரும் அவர் அமைச்சரவையில் பணியாற்றினார்.

பிரேமதாசா கொல்லப்பட்ட 1993இல் வெளியுறவுப் பொறுப்பு மீண்டும் அவரிடமே வந்தது. 1994 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அதனை லட்சுமண் கதிர்காமரிடம் விட்டுச் சென்றார். முஸ்லிம் ஒருவருக்குப் பின் தமிழர் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தார். ஹமீது அவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் தொடர்ந்து பணியாற்றி, நாடாளுமன்ற உறுப்பினராகவே 1999 செப்டம்பர் 3ஆம் நாள் வஃபாத்தானார்கள்.