மலையாளத் திரையுலகின் தந்தை ஜே.சி. டேனியல்: இரு மாநிலங்களுக்கு இடையே மறக்கப்பட்ட கலைஞர்

கழக்கூட்டம் (திருவனந்தபுரம்): திருவனந்தபுரத்தின் வடபுறத்தில் உள்ள கழக்கூட்டத்தில், கேரள அரசு நிறுவனமான கின்ஃப்ராவின் திரைப்பட, காணொளிப் பூங்கா இயங்கி வருகிறது. அங்கிருந்து ஸ்ரீகாரியம், உள்ளூர், கேசவதாசபுரம் வழியாக நகருக்குள் வந்தால் பட்டம் என்ற பகுதியை அடையலாம். கேரளத்தின் முதல் திரைப்பட நிறுவனமான திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் 1920-களில் தொடங்கப்பட்டது அங்கேதான். அதனை நிறுவியவர் ஜோசப் செல்லையா டேனியல் என்னும் ஜே.சி. டேனியல்.

வசதி படைத்த நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த டேனியலுக்கு இளமையில் தற்காப்புக் கலைகளில் பெரும் ஈடுபாடு இருந்தது. வாள்வீச்சு குறித்து ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். பின்னர் அவரது நாட்டம் திரைப்படத்தின் பக்கம் திரும்பியது. தொழில் கற்கச் சென்னைக்குச் சென்றவருக்கு அங்கு வேண்டியது கிடைக்கவில்லை. பம்பாய்க்குச் சென்று, தம்மை ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு படப்பிடிப்புக் கூடங்களுக்குள் நுழைந்தார். ஊர் திரும்பியதும் தமது நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயகன் வேடம் என அனைத்தும் அவருடையவையே.

புராணக் கதைகளே பெரிதும் படமாக்கப்பட்ட காலம் அது. டேனியலோ, திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டத் தொழிலாளியாகும் ஒரு செல்வந்தர் வீட்டுச் சிறுவனின் கதையை எடுத்துக்கொண்டார். நாயகியாக நடிக்க, தமிழும் மலையாளமும் கலந்த காக்காரிசி நாடகத்தில் பயின்ற பி.கே. ரோசியை அழைத்துவந்தார். ரோசி தலித் பெண். ஏற்ற வேடமோ நாயர் குலப் பெண்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை படத்தைத் தொடங்கிவைத்தார். அந்நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் 23 என்பதே சரி எனப் பின்வந்த ஆய்வாளர்கள் கூறுகின்றனர். நாள் எதுவாயினும் நிகழ்ந்ததில் ஐயமில்லை. தலித் பெண் ஒருத்தி உயர்சாதிப் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாதவர்கள் கல்லெறிந்து திரையைக் கிழித்தனர். தாம் நடித்த படத்தை அரங்கில் அமர்ந்து காணும் வாய்ப்பு ரோசிக்குக் கிடைக்கவில்லை. அவரது குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது. லாரி ஒன்றில் ஏறித் தப்பிய அவர், அதன் ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார்.

இவ்விடத்தில் பிலிப்பைன்ஸ் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டுத் திரையுலகின் தந்தை எனப்படும் ஹோசே நெபோமுசேனோ 1919-இல் வெளியிட்ட 'தலாகாங் புகிட்' படமும் மௌனப் படமே. அதன் நாயகி அதாங் தெ லா ராமா, மணிலாவில் படம் ஓடும்போது அரங்கிலேயே நேரில் பாடினார். பிற்காலத்தில் அவருக்கு அந்நாட்டின் தேசியக் கலைஞர் பட்டம் வழங்கப்பட்டது. இரு படங்களின் சுருள்களும் இன்று இல்லை.

டேனியலின் வாழ்க்கை அதன்பின் சரிந்தது. படம் வேறு ஊர்களிலும் திரையிடப்பட்டும் போட்ட பணம் திரும்பவில்லை. கருவிகளை விற்று, நிறுவனத்தை மூடி, தமிழ்நாட்டில் பல் மருத்துவராகப் பிழைத்தார். மனைவி ஜேனட் இறுதிவரை உடனிருந்தார்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரி மாவட்டம் கேரளத்தின் எல்லைக்கு வெளியே வந்தது. முதுமையில் வறுமையுற்ற டேனியலுக்கு இந்தக் கோடு பாதகமாயிற்று. அவர் தமிழ்நாட்டவர் என்றும், அவரது படம் பேசாப் படம் என்பதால் அதை மலையாளப் படமாகக் கருத இயலாது என்றும் காரணம் கூறிக் கேரள அரசு அங்கீகாரம் அளிக்க மறுத்தது. தமிழ்நாட்டுக்கோ அவர் வேற்றுமொழிக் கலைஞர். மௌனப் படத்துக்கு மொழி கேட்டது விந்தைதான்.

இதழாளர் சேலங்காட் கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிச் சென்று சந்தித்து, தொடர்ந்து எழுதி வாதாடினார். அதன் பலனைக் காணாமலே டேனியல் 1975 ஏப்ரல் 27 அன்று கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார்.

திரைத்துறைக்கான கேரள அரசின் மிக உயரிய விருது 1992 முதல் ஜே.சி. டேனியல் பெயரில் வழங்கப்படுகிறது. அவரது வாழ்க்கையைச் சொல்லும் 'செல்லுலாய்ட்' படத்தை இயக்குநர் கமல் 2013-இல் வெளியிட்டார். டேனியலாக நடித்தவர் பிரித்விராஜ்.