ஹாமெலின் கிளூக்கல் அம்மையார்

அரசியரின் சரிதங்களும் போர்க்களத்திற் புகழ்பெற்ற வீரமாதரின் சரிதங்களும் நம்மிற் பலர் பயின்றவையே. கடைக்கணக்கையும் தொட்டிற் குழந்தையையும் ஒரே காலத்திற் பேணிய ஒரு வணிகமாதின் சரிதமோ நம் கைக்கு எளிதில் எட்டுவதன்று. அத்தகைய மாதர் எந்நாட்டிலும் இருந்திருப்பர். ஆயினும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜெர்மனி தேசத்திலே யூத குலத்திற் பிறந்த கிளூக்கல் அம்மையார். யூதர் தம் இல்லங்களிற் பேசிவந்த இட்டிஷ் மொழியில், தம் மக்கள் படிப்பதற்கென்றே அவர் ஏழு பகுதிகளாக ஒரு சுயசரிதம் எழுதினார். அதனை அவர் மகனாரொருவர் பிரதி செய்து காத்தார். நெடுங்காலம் குடும்பத்தாரிடையே உறங்கிக்கிடந்த அந்நூல் 1896-ஆம் ஆண்டில் டேவிட் காஃப்மன் என்னும் அறிஞரால் அச்சேறியது. அவ்வம்மையாரின் உறவின்முறையில் வந்த பேர்த்தா பாப்பன்ஹைம் என்பார் 1910-இல் அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். நாம் இங்குக் கூறப்புகுவன அச்சரிதத்தினின்றே அறியப்பட்டவை.

கிளூக்கல் 1646-ஆம் ஆண்டையொட்டி ஹாம்பர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் வைர வியாபாரி. தம் சமூகத் தலைவர்களுள் ஒருவராக இருந்தவர். மகள் சிறு குழந்தையாயிருக்கையிலேயே ஹாம்பர்க் நகரத்தார் அங்கிருந்த யூதரை வெளியேற்றினர். டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஆல்ட்டோனாவில் அவர்கள் குடிபுகுந்து, அனுமதிச் சீட்டுப் பெற்று, ஹாம்பர்க்குக்கு வியாபாரத்தின் பொருட்டுச் சென்று மீண்டனர். நிலபுலம் தேடவும் கைத்தொழிற் சங்கங்களிற் சேரவும் அக்காலத்து யூதர்க்குப் பெரும்பாலும் இடமில்லை. இன்று இருக்கும் ஊரிலே நாளையும் இருப்போமென்னும் உறுதியுமில்லை. மடியில் முடிந்து கொண்டுபோகக்கூடிய பொன்னும் முத்தும் மணியுமே அவர்தம் வாணிகத்தில் முன்னின்றது வியப்பன்று. அம்மையாரின் பாட்டியும் தாயும் வறுமையுற்ற காலத்துப் பொற்சரிகையும் வெள்ளிச்சரிகையும் பின்னி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர்கள். ஆதலின், பெண் பொருளீட்டுதல் அம்மனைக்குப் புதிதன்று.

பதினான்காம் வயதில் அவருக்கு மணம் நிகழ்ந்தது. கணவர் ஹாமெலின் என்னும் சிற்றூரினரான ஹயீம். ஓராண்டு மாமனார் மனையில் வாழ்ந்தபின் தம்பதிகள் ஹாம்பர்க்கிற் குடியேறினர். தலைக்குழந்தை பிறந்தபோது நிகழ்ந்ததொரு வேடிக்கையைச் சொல்லாமற் செல்ல நமக்கு மனமில்லை. அதே காலத்தில் அவர் தாயாரும் ஒரு பெண்மகவை ஈன்றிருந்தார். தாயும் மகளும் ஓரறையிற் கிடக்க, ஓரிரவு பணிப்பெண்ணின் தூக்கமயக்கத்தால் குழந்தைகள் இடம்மாறிப் போயின. விழித்த கிளூக்கல் தம் குழந்தையைக் காணாது அலறவே வீடு முழுவதும் எழுந்துவிட்டது. உண்மையறிய சாலொமோன் அரசனையே அழைக்க நேருமென்று எண்ணியதாக அவர் பின்னாளில் நகைத்து எழுதுகின்றார்.

ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு மகவாக அவர் பதினான்கு பிள்ளைகளைப் பெற்றார். மாத்தி என்னும் மகள் மூன்று வயதில் இறந்ததை எழுதுமிடத்து, ஆண்டு பல கடந்தும் ஆறாத புண்ணை நாம் காண்கின்றோம். இத்தனைக்குமிடையே கணவர் எந்தப் பேரத்தையும் அவரிடம் ஆலோசியாது முடித்ததில்லை. கூட்டாளியொருவருடன் செய்துகொண்ட வியாபார உடன்படிக்கையை வரைந்தவரும் இளம்பருவத்தினரான இவ்வம்மையாரே. பிள்ளைகளின் திருமணமும் அவருக்கு ஒருவகை வாணிகமே. ஒவ்வொரு மணத்திற்கும் கொடுத்த வரதக்ஷிணைத் தொகையை ஒரு நாணயமும் மறவாமற் குறித்திருத்தல் படிப்போர்க்குச் சிறிது சிரிப்பை விளைக்கும். மூத்த மகளின் திருமணம் கிளேவ்ஸ் நகரிலே ஒரு செல்வர் மனையில் நிகழ்ந்தது. முலையுண்ணும் மகவையும் ஏந்திக்கொண்டு அவர் அங்குச் சென்றார். பின்னர்ப் பிரஷ்ய மன்னரான இளவரசர் பிரெடெரிக்கே அம்மணத்திற்கு வந்திருந்தார். அந்த ஆரவாரத்திலே மணப்பத்திரம் எழுதுவதையே எல்லோரும் மறந்துவிட்டனராம்!

1689-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வியாபாரத்தின் பொருட்டு வெளியே சென்ற ஹயீம் கூரிய கல்லொன்றின்மேல் விழுந்து உயிர்க்கேடுறு காயமுற்றார். மரணப்படுக்கையில், இறுதிக் கட்டளை யாதென்று சூழ்ந்திருந்தோர் வினவினர். தாம் கட்டளையிட ஒன்றுமில்லையென்றும், தம் மனைவி யாவும் அறிவாளென்றும், இதுகாறும் செய்துவந்தவாறே அவள் செய்வாளாகவென்றும் அவர் விடையளித்தார். பாதுகாவலர் எவரையும் அவர் நியமிக்கவில்லை. கணவர் மனைவிக்கு விட்டுச்செல்லும் நம்பிக்கையில் இதனினும் பெரிது யாதென நமக்குத் தோன்றவில்லை.

அந்நம்பிக்கையோடு அவர் விட்டுச்சென்றவை, மணமாகாத எட்டுப் பிள்ளைகளும் 20,000 ரைக்ஸ்தாலர் கடனும். அம்மையார் வீட்டிலிருந்த சரக்கையும் பொருளையும் ஏலத்தில் விற்று, ஓராண்டிற்குள் கடன் முழுவதையும் தீர்த்தார். பின்னரே தம் பெயரால் வாணிகம் தொடங்கினார். முத்துக்களை வாங்கித் தரம்பிரித்து, வேண்டுவார்க்கு விற்றார்; காலுறை நெய்யும் தொழிற்சாலையொன்று வைத்தார்; உள்ளூர்ச் சரக்கும் வெளிநாட்டுச் சரக்கும் நிறைந்த கடையொன்றும் நடத்தினார். வெயிலென்றும் பனியென்றும் பாராது பிரன்சுவிக் சந்தைக்கும் லைப்ஸிக் சந்தைக்கும் வண்டியேறிச் சென்றார். ஹாம்பர்க் நாணயச் சந்தையில் அவர் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு பெருவணிகர்களின் கையெழுத்துக்கு இருந்ததே. ஆயினும் ஒரு மகனால் அவருக்குப் பேரிடி நேர்ந்தது. பெர்லின் நகரிற் கடைவைத்த லைப் என்னும் மகன் அனுபவக் குறைவால் முறிந்துபோக, தாயின் பொருளிலும் பெரும்பகுதி அதனுடன் மூழ்கிற்று. வணிகர் என்ற முறையில் அவர் அம்மகனுக்கு அத்தனை பொருள் கொடுத்திருக்கலாகாது. தாய் என்ற முறையிற் கொடாதிருக்க இயலவில்லை. இவ்விரண்டில் எது தவறென்று தீர்ப்பளிக்க நாம் துணியோம்.

கணவரை இழந்தபின் உறக்கமற்ற நீண்ட இரவுகளைப் போக்குதற்பொருட்டு 1691-இல் அவர் எழுதத் தொடங்கினார். முதற்பகுதியிலே ஒரு பறவைக் கதை வருகின்றது. வெள்ளமோ புயற்காற்றோ வரக்கண்ட தந்தைப் பறவையொன்று தன் மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் காலிற் பற்றிக் கடலைக் கடந்தது. நடுக்கடலில், முதுமையில் இவ்வாறே தன்னைக் காப்பாயா என்று குஞ்சை வினவியது. காப்பேனென்ற முதற்குஞ்சைப் பொய்யனென்று கடலில் விட்டது, இரண்டாவதற்கும் அக்கதியே. மூன்றாவது, அவ்வாறு உறுதிகூற இயலாதென்றும், தனக்குக் குஞ்சுகள் பிறக்குங்கால் அவற்றுக்கு இவ்வாறே செய்வதாகவும் கூறியது. அதனையே தந்தை கரைசேர்த்தது. பெற்றோர் அன்பு மக்களிடம் செல்வதேயன்றி மீள்வதன்று என்பதை அம்மையார் இக்கதையால் தம் பிள்ளைகளுக்கு உணர்த்தினார். அவர்தம் அச்சமும் இதனுள்ளேயே இருந்தது. வியாபாரம் தளர்ந்து, கடன்பட்டு, மக்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்பதே அவ்வச்சம்.

மறுமணம் வேண்டி வந்தவர் பலரை மறுத்த அவர், அவ்வச்சத்தாலேயே 1700-இல் பிரான்சு நாட்டு ஆட்சிக்குட்பட்ட மெட்ஸ் நகரத்து ஹிர்ஷ் லெவி என்னும் செல்வரை மணந்தார். அந்நகரில் வாழ்ந்த தம் மகள் எஸ்தரும் மருமகனுமே இம்மணத்திற்கு ஊக்கமளித்தவர்கள். மனை முழுவதும் பொன்னும் வெள்ளியும் மின்னின. இரண்டாண்டுகள் செல்லுமுன் அவ்வங்காடி முறிந்தது. அம்மையார் கொண்டுசென்ற பொருளும் அதிற் போயிற்று. எந்த அவமானத்தை அஞ்சி ஓடினாரோ அது கணவர் உருவில் முன்வந்து நின்றது. 1712-இல் ஹிர்ஷ் லெவியும் இறந்தார். 22 படிகள் ஏறிச் செல்லவேண்டிய, குளிர்காய அடுப்புமில்லாத ஒரு சிற்றறையில் அம்மையார் தனித்து வாழ்ந்தார். மகளும் மருமகனும் பன்முறை அழைத்தும் அவர்கள் மனைக்குச் செல்ல இசைந்தாரல்லர். முதுமையும் நோயும் மிகவே, 1715-ஆம் ஆண்டளவில் இசைந்தார்.

எஸ்தரின் மனையில் அவர் தம் சரிதத்தின் இறுதிப் பகுதியை எழுதினார். 1719-இல் எழுத்து நின்றது. 1724-இல் அவர் மறைந்தார். அம்மனையிலே தமக்குக் கிடைத்த உபசரிப்பையும் அவர் குறிக்காமல் விடவில்லை. நண்பகலில் அவர் தொழுகைக்கூடத்தினின்று வரத் தாழ்த்தால், எஸ்தர் பந்தியிலிருந்த உணவில் நல்லவற்றையெல்லாம் ஒரு தட்டில் எடுத்துத் தாய்க்கென்று தனியே வைத்திருப்பாள்.