இரட்டைமலை சீனிவாசனாரும் பத்திரிகை முறையீடும்

ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக ஓயாதுழைத்த சான்றோருள் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் முன்வரிசையில் நிற்பவர். சட்டமன்றத்திலும் வட்டமேசை மாநாட்டிலும் அவர் ஆற்றிய தொண்டினைப் பலரும் அறிவர். பத்திரிகை ஆசிரியராக அவர் பட்ட பாட்டினை அறிந்தோர் சிலரே.

செங்கற்பட்டுச் சீமையில் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்த அவர், கோயம்புத்தூரில் பயின்று, நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1890ஆம் ஆண்டளவில் சென்னையை அடைந்தார். அந்நாளில் பத்திரிகைகள் பெரும்பாலும் உயர்சாதியினர் கையில் இருந்தன. சேரி மக்களின் துயரம் அவற்றில் இடம்பெறுவது அரிது. அவர்களை இழித்து எழுதினாலும், மறுப்பு வெளியிடுமாறு ஆணையிட எந்தப் பொது அமைப்பும் இல்லை. நீதிமன்றம் ஒன்றே முறையிடும் இடம். அதற்கோ பொருள் வேண்டும்.

எனவே 1893 அக்டோபரில் தாமே ஓர் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லிப் பிறர் இகழ்ந்தனரோ, அப்பெயரையே சூட்டிப் ‘பறையன்’ என வெளியிட்டார். நான்கு பக்கங்களுடன் இரண்டணா விலையில் திங்களிதழாகத் தோன்றிய அது, பின்னர் வார இதழாயிற்று.

அவ்விதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றின் பொருட்டு, ஆசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நாளில் அது சிறு தொகையன்று. வாசகர்களே அதனைச் செலுத்தித் தம் ஆசிரியரைத் தாங்கினர். இதழ் 1900ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்து தாயகம் திரும்பிய பெரியார், 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்தார். 1930-31ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் பங்கேற்றார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

அவர் காலத்தில் இல்லாத ஒரு வாயில் பின்னர்த் திறந்தது. 1966இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் நிறுவப்பெற்றது. நெருக்கடி நிலையின்போது கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது. தலைவர் ஒருவரும் உறுப்பினர் 28 பேரும் கொண்டது அது. அவர்களுள் 20 பேர் பத்திரிகைத் துறையினர். இதழ்கள்மீது மக்கள் கூறும் குறைகளையும், அரசு தம் உரிமையில் தலையிடுவதாக இதழ்கள் கூறும் குறைகளையும் அது ஒருங்கே விசாரிக்கும். எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதமோ சிறையோ விதிக்க இயலாது. இது அதன் குறை என்பாருண்டு. ஆயினும், வழக்குச் செலவு தாங்காத ஏழை முறையிட ஓரிடம் உண்டென்பது சிறிதன்று. அபராதத்துக்கு அஞ்சாமல் சிற்றிதழ் தன் செயலை விளக்க இயல்வதும் நன்றே.

இளைஞர்களே, நம் மக்களை இழிவுபடுத்தும் எழுத்தைக் கண்டால் வெகுண்டு தாளைக் கொளுத்துதல் பயன் தராது. அப்பக்கத்தை நாளுடன் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஆசிரியர்க்கு மறுப்பு எழுதுங்கள். அவர் செவிசாய்க்காவிடின், காலந்தாழ்த்தாது கவுன்சிலுக்கு எழுதுங்கள். இதற்கு வேண்டியது தெளிவாக எழுதும் கல்வியே. பெரியார் சீனிவாசனார் ஏந்திய கருவியும் அதுவே.