மழையை மட்டும் நம்பாத திவான்

மைசூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன தசரா விழாவும், அரண்மனையும், சந்தன சோப்பும்தாம். பொருளியல் துறை மாணவர்களாகிய நாங்கள் கல்விச் சுற்றுலா சென்று கிருஷ்ணராஜசாகர் அணையருகே நின்றபோது என் உள்ளத்தில் எழுந்த எண்ணமோ வேறு. நான் காவிரிப் படுகையில் பிறந்தவன். ஜூன் 12 நெருங்கிவிட்டால், மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்று ஏங்கிக் கிடப்பவர் என் தந்தையார். நெல் ஒன்றே எங்கள் வீட்டு வருவாய். எனவே அந்த அணையைக் கண்டதும் வியப்போடு சற்றுச் சினமும் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அணையைக் கட்டத் திட்டமிட்டவர் யார் என்று படிக்கத் தொடங்கினேன். அணையைவிடப் பெரிய ஒன்றை அவர் எழுப்பியிருக்கிறார் என்று அறிந்தபோது என் சினம் சிந்தனையாக மாறியது.

மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா 1861 செப்டம்பர் 15 அன்று, சிக்கபள்ளாபூரை அடுத்த முத்தனஹள்ளியில் பிறந்தார். தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழி அறிஞர், செல்வர் அல்லர். இளமையிலேயே தந்தையை இழந்த விஸ்வேஸ்வரய்யா, பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயில் தாமும் படித்தார். மத்தியக் கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1881இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையோடு பூனா சென்று பொறியியல் பயின்றார். 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். சுக்கூர் நகரக் குடிநீர்த் திட்டமும், பூனா அருகே கடக்வாஸ்லாவில் 1903இல் அமைத்த தானியங்கி மதகுகளும் அவர் புகழைப் பரப்பின. 1909ஆம் ஆண்டின் இறுதியில் மைசூரின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

அன்றைய மைசூரின் நிலை என்ன? மக்களில் பெரும்பாலோர் உழவர். உழவோ மழையை நம்பியது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடிய பஞ்சத்தில் அந்நாட்டில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்போது விஸ்வேஸ்வரய்யா பள்ளிப் பருவத்து இளைஞர். ஒரே தொழிலை நம்பிய நாடு ஒரு மழை பொய்த்தால் வீழ்ந்துவிடும் என்பதை அவர் ஏட்டில் படித்தா அறிய வேண்டும்? 1898இல் ஜப்பான் சென்றபோது, கல்வியும் தொழிலும் ஒரு நாட்டை எவ்வாறு உயர்த்துகின்றன என்பதையும் நேரில் கண்டார்.

இந்த அறிவின் விளைவே 1911இல் தோன்றிய மைசூர் பொருளாதார மாநாடு. மாநாடு என்றதும் பந்தலும் தோரணமும், இரண்டு நாள் சொற்பொழிவும் என்று எண்ணிவிடக் கூடாது. அது அரசு ஏற்படுத்திய நிலையான அமைப்பு. அதிகாரிகளும் வணிகரும் நிலக்கிழாரும் ஓரிடத்தில் கூடி, வேளாண்மை, கல்வி, தொழில் வணிகம் என்னும் மூன்று குழுக்களாகப் பிரிந்து ஆராய்ந்தனர். நாட்டில் என்ன விளைகிறது, எது வீணாகிறது, எதைச் செய்ய யாருக்குப் பயிற்சி வேண்டும் என்று கணக்கெடுத்தனர். இன்று நம் மாநிலத்தில் 1965இல் பிறந்த டிட்கோவும் 1971இல் பிறந்த சிப்காட்டும் ஆற்றும் தொழில் வளர்ச்சிப் பணிக்கு, அதை ஒரு முன்னோடி எனலாம்.

1912இல் விஸ்வேஸ்வரய்யா திவான் ஆனார்; எண்ணங்கள் செயலாயின. 1913இல் மைசூர் வங்கி எழுந்தது. அதே ஆண்டு ஹெப்பாளில் வேளாண்மைப் பள்ளி தொடங்கியது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் மலர்ந்தது.

இங்கே நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் சென்னை மாகாணத்தில் வளர்த்தவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயர். அரசே தொழில் நடத்துவது தகாது என்று இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910இல் தடை விதித்தார். நாம் இழந்த சாட்டர்ட்டனை 1912இல் மைசூர் தன் தொழில் துறைக்கு அழைத்துக்கொண்டது!

அதன் பயன் விரைவில் தெரிந்தது. மைசூர்ச் சந்தனக் கட்டை அதுவரை வெளிநாடு சென்றே எண்ணெயாயிற்று. 1914இல் உலகப் போர் மூண்டதும் ஏற்றுமதி தடைப்பட்டது, கட்டைகள் தேங்கின. கலங்கி நிற்காமல், 1916இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மைசூரிலும் எண்ணெய் வடிக்கும் ஆலைகளை அரசே நிறுவியது. அதைத் தொடர்ந்து சோப்புத் தொழிற்சாலையும் வந்தது. நான் என் தாயாருக்கு வாங்கி வந்த சந்தன சோப்பின் கதை இதுதான்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புதிய கல்விக்கூடங்களும் அலுவலகங்களும் திறந்தன. உள்ளே போனவர் யார்? அரசுப் பதவிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு வகுப்பாரே இருந்தனர். பிற வகுப்பினர் தமக்கும் பங்கு கேட்டனர். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதை ஆராய 1918இல் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி குறைந்துவிடும் என்று அஞ்சிய விஸ்வேஸ்வரய்யா உடன்படவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பதவி விலகினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இட ஒதுக்கீடு இல்லையேல் இக்கட்டுரையை எழுதும் வாய்ப்பும் எனக்கு இராது. எனவே இந்த ஓர் இடத்தில், அப்பெருமகனாரை வணங்கிக்கொண்டே, அவரினின்று நான் மாறுபடுகிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் படித்த ஏழை மாணவராகிய அவருக்கும் அரசின் உதவித்தொகை என்ற ஏணி தேவைப்பட்டதன்றோ? ஏணி ஏறியவர் அனைவரும் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

பதவி போனபின்னும் அவர் பணி நிற்கவில்லை. பத்ராவதி இரும்பாலை 1923இல் உற்பத்தி தொடங்கி நட்டத்தில் தள்ளாடியபோது, அதன் பொறுப்பை ஏற்று 1929 வரை உழைத்து நிமிர்த்தினார். 1934இல் இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் குறித்து நூல் எழுதினார். 1955இல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறு ஆண்டு நிறைவு கண்டு, 1962 ஏப்ரலில் மறைந்தார்.

அவர் கண்ட வங்கி 2017இல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. நிறுவனங்களின் பெயர்கள் மாறலாம். அவர் கேட்ட கேள்வி மாறவில்லை. நம் ஊரில் விளைவதைக் கொண்டு வேறு என்ன செய்யலாம்? அதில் யார் யாருக்குப் பங்கு? முதற் கேள்வியை அவர் கேட்டார். இரண்டாவதை மைசூர் மக்கள் கேட்டனர். இரண்டையும் சேர்த்துக் கேட்பது மாணவர்களாகிய நம் கடமை. அடுத்த ஜூன் 12 வரும்போதும் என் தந்தையார் மேட்டூரை நோக்கியே நிற்பார். அவர் பேரனாவது அப்படி நிற்காதிருக்க வேண்டும் என்பதே என் ஆசை.