ஸ்ரீமத் ராஜசந்திரரும் உயிரின் நிலைபேறும்

சௌராட்டிரத்தில் மோர்பி நகரை அடுத்து வவாணியா என்னும் சிறு துறைமுக ஊர் உள்ளது. அங்கு 1867-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், ராவ்ஜிபாய் மேத்தா, தேவபாய் இணையர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ராய்சந்த் என அழைக்கப்பெற்று, பின்னர் ஸ்ரீமத் ராஜசந்திரர் எனப் போற்றப்பெற்ற அப்பெரியாரைக் காந்தியடிகளின் நண்பர் என்ற அளவில் நம்மில் பலர் அறிவோம். உடல் வீழ்ந்தபின் உணர்வு எஞ்சுமா என்ற வினா அவர் வாழ்வை இளமையிலேயே பற்றிக்கொண்ட வரலாற்றை இவ்விதழில் சிறிது விரிவாகக் காண்போம்.

சிறுவனுக்கு அப்போது அகவை ஏழு. அவன்பால் மிக்க அன்பு கொண்டிருந்த அமீசந்த் என்னும் அண்டைவீட்டார் பாம்பு தீண்டி இறந்தார். ஊரார் பேசிக்கொண்ட அச்சொல்லின் பொருள் விளங்காமையால் சிறுவன் தன் பாட்டனாரிடம் ஓடி, இறத்தல் என்றால் என்னவென்று வினவினான். குழந்தை அஞ்சுமே எனக் கருதிய பாட்டனார் பேச்சை மாற்றிப் பார்த்தார்; உணவு உண்ணுமாறு பணித்தார். சிறுவன் விடவில்லை. உடலினின்று உயிர் நீங்கிவிட்டது, இனி அவ்வுடல் அசையாது, பேசாது, குளத்தருகே அதனை எரித்துவிடுவர் என்று அவர் ஒருவாறு கூறினார். சிறுவன் யாரும் அறியாமல் குளக்கரைக்குச் சென்று, அங்கிருந்த ஒரு கருவேல மரத்தில் ஏறிப் பார்த்தான். நேற்றுவரை தன்னைக் கொஞ்சிய உடல் தீயில் எரிவதையும், ஊரார் சூழ்ந்து அமர்ந்திருப்பதையும் கண்டான். பார்த்தது உடலாயின், தன்னிடம் அன்பு செலுத்தியது எது? இவ்வாறு எண்ணம் ஒன்றன்மேல் ஒன்றாக எழ, மறைப்பு விலகியதுபோல் முற்பிறவி நினைவு அவனுக்கு உண்டாயிற்று என்பர். பின்னர் ஜூனாகட் கோட்டையைக் கண்டபோது அந்நினைவு மேலும் தெளிவுற்றதாம்.

நம் ஆகமங்கள் இதனைச் சாதிஸ்மரணம் என்று கூறும். இக்கால இளைஞர் இதனை உடனே ஒப்புவரா என்பது ஐயமே. ஒரு சிறுவனின் உள்ளத்தில் நிகழ்ந்ததை அளந்து பார்க்க நம்மிடம் கருவி ஏதுமில்லை. அவர்தம் நினைவாற்றலோ வியத்தகு பெற்றியது. 1887-ஆம் ஆண்டு சனவரியில் பம்பாய் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில், தம் பத்தொன்பதாம் அகவையில், ஒரே வேளையில் நூறு செய்திகளை மனத்திற்கொண்டு விடையிறுக்கும் சதாவதானம் நிகழ்த்தினார். தலைமை நீதிபதி சார்லஸ் சார்ஜென்ட் அவரை ஐரோப்பா சென்று இவ்வாற்றலைக் காட்டுமாறு வேண்டினார். இவர் இசையவில்லை. சில காலத்திலேயே அவதானத்தை அறவே விட்டொழித்தார். புகழ் ஆன்ம நாட்டத்திற்குத் தடை என அவர் கருதினார். அடுத்த ஆண்டு இல்லறம் ஏற்று, பம்பாயில் முத்து, மணி வணிகத்தில் ஈடுபட்டார். கடையில் கணக்கேட்டின் அருகிலேயே அவருடைய ஆன்மக் குறிப்பேடும் இருக்கும். பேரம் முடிந்தவுடன் அதனைக் கையில் எடுத்துவிடுவார்.

1891-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய காந்தியடிகள், டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் இவரை முதன்முதலாகக் கண்டார். தம் அன்னை காலமான செய்தியை அப்போதுதான் அவர் அறிந்திருந்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். பின்பு தென்னாப்பிரிக்காவில் கிறித்தவ நண்பர்கள் தம் சமயத்திற்கு அழைக்க, உள்ளம் ஊசலாடிய நிலையில், 1894-இல் இருபத்தேழு வினாக்களை எழுதி இவருக்கு அனுப்பினார். ஆன்மா என்பது யாது என்பதே முதல் வினா. இறந்த மனிதன் விலங்காகவும் மரமாகவும் கல்லாகவும் பிறப்பானா, முற்பிறவியை எவரேனும் அறியக்கூடுமா என்பனவும் அவற்றுள் அடங்கும். இறுதி வினா, பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விடுவதா, கொல்வதா என்பது. உடல் நிலையற்றது என உணர்ந்தவன் அதனைக் காக்கும்பொருட்டு, தன் உடலைப் பெரிதெனக் கருதும் வேறோர் உயிரைக் கொல்லுதல் எங்ஙனம் பொருந்தும் என்னும் கருத்தமைய அவர் மறுமொழி எழுதினார். அமீசந்தின் சிதையைக் கண்ட அவருக்கு அது ஏட்டு வினாவாக இருந்திராது என்றே நாம் எண்ணுகிறோம்.

1896-இல், சாயலா ஊரினரான சௌபாக்பாய் என்னும் முதியவர், ஆன்மாவைப் பற்றிய ஆறு உண்மைகளை விளக்கும் உரைநடைக் கடிதம் தமக்கு மனப்பாடம் ஆகவில்லை எனக்கூறி, அதனைப் பாட்டாக்கித் தருமாறு வேண்டினார். நடியாத் நகரில், அம்பாலால் என்னும் அன்பர் விளக்கைப் பிடித்து நிற்க, ராஜசந்திரர் 142 பாக்களையும் ஒரே அமர்வில், இரண்டு மணி நேரத்திற்குள் எழுதி முடித்தார். அதுவே ஆத்மசித்தி. நான்கே படிகள் எடுக்கப்பெற்று, தகுதியுடையோர் நால்வர்க்கு அளிக்கப்பெற்றன.

இந்நூலில் மாணவன் எழுப்பும் ஐயங்கள் வலுவானவை. உயிர் கண்ணுக்குப் புலனாகவில்லை. உடலோடு தோன்றி உடலோடு அழிவதாகவே தோன்றுகிறது. அல்லது பொருள்கள் யாவும் கணந்தோறும் மாறுவதால் நிலைத்த உயிர் என ஒன்று இருத்தல் இயலாது. நீலகேசியின் பூதவாதச் சருக்கம் பயின்றோர்க்கு இவற்றுட் சில பழகியவை. குரு எவ்வாறு விடை பகர்கிறார்? உணர்வு தோன்றியதையும் மறைந்ததையும் கண்டவர் யார் எனக் கேட்கிறார். சடமாகிய உடலுக்கு அவ்வறிவு இல்லை. கண்ட ஒருவன் உண்டெனின் அவன் அத்தோற்றத்திற்கும் அழிவிற்கும் வேறானவன். சடத்தினின்று சேதனமும், சேதனத்தினின்று சடமும் தோன்றுதலை எவரும் கண்டதில்லை. குழவி, இளைஞன், முதியவன் என நிலைகள் மாறினும் அறிவோன் ஒருவனே. எல்லாம் கணத்தில் அழியும் என்று அறிந்து சொல்பவனும் அக்கணத்திலேயே அழிந்தவனாயின், அக்கூற்றைச் சொல்லி முடித்தவன் எவன்?

மூளையே உணர்வைப் பிறப்பிக்கிறது எனக் கருதும் இன்றைய அறிவியலாளர், சடத்தினின்று உணர்வு தோன்றாது என்பதை ஒப்பார். அவ்வழக்கு முடிந்துவிட்டதாக நாம் கூறவில்லை. நம்மை வியப்பிலாழ்த்துவது வேறொன்று. பாம்பு முதலியவற்றின் பிறவிச் சினத்தை முற்பிறவி வாசனைக்குச் சான்றாக எடுக்கும் அவர், தமக்கு ஏற்பட்டதாகக் கூறப்படும் பழம்பிறப்பு நினைவை இந்நூலில் ஓரிடத்தும் சான்றாக வைக்கவில்லை. தாம் கண்டதைப் பிறர் நம்ப வேண்டும் என அவர் கேளாமல், பிறர் தாமே ஆராயத்தக்கதை மட்டும் முன்வைத்தார்.

குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை அவர் குஜராத்தியில் பெயர்த்தார் என்ற செய்தி, பொன்னூர் மலையில் அவ்வாசாரியரின் திருவடிகளை வணங்கும் நமக்கு உவகை தருவதாகும். சுவேதாம்பரர், திகம்பரர் என்ற வேற்றுமையின்றி ஆகம நூல்களை வெளியிடப் பரமசுருத பிரபாவக மண்டலத்தை அவர் நிறுவியது 1900-இல்.

அதற்குள் உடல்நலம் குன்றியது. முப்பத்து மூன்று அகவை. மனைவியும் மக்கள் நால்வரும் இருந்தனர். துறவு பூண எண்ணியிருந்த எண்ணமும் ஈடேறவில்லை. எரியும் உடலைக் கண்டு ஏழு அகவையில் கேட்ட வினா இப்போது தம் உடலைப் பற்றியதாயிற்று. ராஜ்கோட்டில் இறுதி நாள்களில் தம்பியிடம், கவலற்க, அன்னையைப் பேணுக என்று கூறியதன்றி வேறு கலக்கம் காட்டவில்லை. 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணியளவில், நினைவு மாறாமலே, அவர் உடலை நீத்தார். காந்தியடிகள் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். ஆத்மசித்தியைக் கேட்டுப் பெற்ற சௌபாக்பாய் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே காலமாகியிருந்தார்.