வேர்க்கடலை வெண்ணெயும் ஒரு வார்த்தைப்பாடும்



விபூதிப் புதனுக்கு முந்திய நாள் மாலையில் நம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் தகர டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுவந்து சுவாமியார் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வேர்க்கடலையை வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, எண்ணெய் கக்கும்வரை விழுதாக அரைத்து, மாவும் நாட்டுச் சர்க்கரையும் கூட்டிப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, முள்கரண்டியால் மேலே குறுக்கும் நெடுக்குமாக அழுத்திச் சுட்டவை அவை. ஆவடி, அம்பத்தூர்க் கடைகளில் இந்த விழுது இப்போது கண்ணாடிப் புட்டியில் விற்கிறது. அவர் வீட்டிலேயே அரைத்தாராம். போகும்போது ஒரு கேள்வியும் கேட்டார். இதில் நெய்யில்லை, முட்டையில்லை, மாமிசம் இல்லவே இல்லை; ஆகையால் தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளும் தாமும் இதைத் தின்னலாமா என்பது கேள்வி.

சுத்தபோசன விதிப்படி தாராளமாகத் தின்னலாம். அப்படியே சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றிரவு டப்பாவில் நான்காவது பிஸ்கட்டை எடுக்கும்போது, இதே வேர்க்கடலை வெண்ணெயினால் மரணவாசல்வரை போய்த் திரும்பிய ஒரு பெரியவரின் ஞாபகம் வந்தது. அவர் வேறு யாருமல்ல, மகாத்மா காந்தியடிகள். அவர் சரித்திரத்தின் பெரிய அத்தியாயங்களை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இந்தச் சிறிய அத்தியாயத்தை அநேகர் கவனித்ததில்லை.

முதலில் கடலையைப்பற்றி இரண்டு வார்த்தை. வேதாகமத்தில் வாதுமைக்கொட்டை உண்டு, வேர்க்கடலை இல்லை. இருக்க வழியும் இல்லை, ஏனெனில் அது தென் அமெரிக்காவின் பயிர். பெரு தேசத்துப் புராதன மக்கள் அதை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு, 1987-ஆம் ஆண்டில் சிப்பான் என்னுமிடத்தில் திறக்கப்பட்ட அரசன் கல்லறையே சாட்சி. கடலைக்காய் உருவில் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மணிகளைக் கோத்த ஆரம் அங்கே கிடைத்தது. போர்த்துக்கீசர் இதைப் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பானியர் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து மணிலாவில் சேர்த்தார்கள். நம் நாட்டார் இன்றைக்கும் மணிலாக்கொட்டை என்று சொல்லுவதில் அந்தக் கப்பல் பிரயாணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் பட்டணத்து எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போயிற்று. அமெரிக்காவில் அடிமைக் குடும்பத்தில் பிறந்து விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு புத்தகத்தில் கடலையைக் கொண்டு சமைக்க 105 வழிகள் சொல்லியிருக்கிறார். பிஸ்கட்டும் அவற்றில் உண்டு. பூ மண்ணுக்குமேல் பூத்து, அதன் காம்பு கீழே இறங்கி மண்ணில் புதைந்து, இருட்டில் காய்க்கிற செடி இது. திருவள்ளூர்ப் பக்கத்துக் கடலைக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்க. காந்தியடிகள் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் பிறந்தார். அவருடைய தாயார் புத்லிபாய் அம்மையார் விரதத்தில் ஊறியவர். ஒரு மழைக்காலத்தில் சூரியனைக் கண்ணால் காணாமல் சாப்பிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். பிள்ளைகள் வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். மேகம் விலகியதும் கூவி அழைப்பார்கள். தாயார் ஓடிவருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். அந்த அம்மையாரும் முகம் கோணாமல் திரும்பிப்போய் வீட்டு வேலையைப் பார்ப்பார். 1888-ஆம் ஆண்டில் மகன் லண்டனுக்குப் படிக்கப் போகுமுன் மதுவையும் மாமிசத்தையும் பரஸ்திரீகளையும் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்ததும் இந்தத் தாயாருக்கே. கொடுத்த வாக்கை எழுத்தளவிலல்ல, வாங்கினவருடைய மனத்தின்படி காக்கவேண்டும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். முட்டை மாமிசமல்ல என்று சிலர் வாதித்தபோது, தம் தாய் முட்டையையும் மாமிசமாகவே எண்ணியிருப்பார் என்று தெரிந்து அதையும் விட்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1893-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே டர்பனுக்கு அருகில் மரியான்ஹில் என்னும் இடத்தில் நம் கத்தோலிக்கத் திராப்பிஸ்து சந்நியாசிகளின் மடம் இருந்தது. மவுனம், மாமிசமற்ற போசனம், கைத்தொழில் ஆகிய மூன்றும் அங்கே ஒழுங்கு. காந்தியடிகள் அந்த மடத்தைப் போய்ப் பார்த்து மனம் உருகி, 1895-ஆம் ஆண்டில் லண்டன் சைவ உணவுப் பத்திரிகையொன்றுக்கு அதைப்பற்றி எழுதினார். பிற்காலத்தில் அவருடைய நண்பர் காலன்பாக் என்ற ஜெர்மானிய யூதர் அதே மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்தியடிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். நம் சந்நியாசிகளின் கைவேலை ஒரு மகாத்மாவின் விரல்களில் ஏறிய செய்தி நமக்குச் சந்தோஷம்தானே.

அந்தக் காலன்பாக் 1910-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில் 1100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் கொடுத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழர்கள் பலர் அங்கே வாழ்ந்தார்கள். இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் முகமதியர்களும் பார்சிகளும் ஒரே பந்தியில் உண்டார்கள். கோதுமையைக் கையால் திரித்து ரொட்டி சுட்டார்கள். ரொட்டிக்குத் தடவ வெண்ணெய் வேண்டுமே. கடலையை வறுத்து அரைத்து வெண்ணெயாக்கிக்கொண்டார்கள். பசு வெண்ணெயைவிட அது மிகவும் மலிவு. நம் பங்குத் தாயார் கையில் இருந்த பண்டம் ஏறக்குறைய அதுதான்.

1912-ஆம் ஆண்டில் அந்தப் பண்ணையில் காந்தியடிகளும் காலன்பாக்கும் பாலை விட்டுவிடுவதென்று நிச்சயித்தார்கள். காரணம் இரண்டு. பால் இச்சைகளைத் தூண்டும் என்று அவர் நம்பினார். அதிலும் பெரிதாக, பால் முழுவதையும் கறந்துவிடவேண்டுமென்று கல்கத்தாவில் மாட்டுக்காரர்கள் பசுக்களையும் எருமைகளையும் படுத்திய கொடுமையைப்பற்றிப் படித்து அவர் மனம் புண்பட்டிருந்தது. அதுமுதல் பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவை அவருடைய ஆகாரமாயின. 1914-ஆம் ஆண்டில் லண்டனில் மார்புச்சளி நோயால் படுத்தபோது, அவர் குருவாக மதித்த கோகலே பழைய ஆகாரத்துக்குத் திரும்பும்படி வற்புறுத்தினார். காந்தியடிகள் இரவெல்லாம் யோசித்தார். பழவிரதத்தைத் தளர்த்தச் சம்மதித்தார், பாலுக்குமட்டும் சம்மதிக்கவில்லை.

1915-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி இந்தியா திரும்பினார். இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பழமும் கொட்டையும்மட்டும் உண்ணும் எளிய மனிதர் வருகிறார் என்று கல்கத்தாவில் அவரை உபசரித்த வீட்டார், பட்டணத்தில் கிடைத்த பழம், கொட்டை அத்தனையையும் வாங்கிக் குவித்தார்கள். அவ்வீட்டுப் பெண்கள் கொட்டைகளுக்குத் தோலுரித்தே ஓர் இரவு முழுவதும் கண்விழித்தார்களாம்! தம்முடைய எளிமை மற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதைக் கண்டு அவர் வெட்கினார். அவ்வருடம் ஹரித்துவாரக் கும்பமேளாவில், ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்குமேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை என்று புதிய வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்தச் சங்கற்பம் புதிதாக இருக்கும்போதே, ஏப்ரல் 17-ஆம் தேதி, நம் சென்னைக்கு வந்து தம்புச்செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். விரதமிருக்கிற நம்மவர்கள் சிலர் வீட்டில் மருமகளுக்கு அதனால் இரட்டைச் சமையல் ஏற்படுவதை நான் அறிவேன்; ஆகையால் இதைச் சற்று விரித்தே எழுதினேன்.

இனி 1918-ஆம் வருடம். முதல் உலக யுத்தத்துக்கு ஆள் சேர்க்க கேடா ஜில்லாவில் காந்தியடிகள் ஊர் ஊராக நடந்தார். வரிகொடா இயக்கத்தில் வண்டியை இலவசமாகக் கொடுத்த குடியானவர்கள் இப்போது கூலிக்கும் வண்டி தரவில்லை. ஒரு நாளைக்கு 20 மைல்கூட நடக்கவேண்டியிருந்தது. பையில் இருந்த சாப்பாடு பெரும்பாலும் வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமும். அந்த வெண்ணெயை மிஞ்சித் தின்றால் கெடுதி என்று தெரிந்தும் மிஞ்சித் தின்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியம் என்று ஒன்றைப் படித்திருக்கிறோம். அது பிரியாணிச் சட்டியில்மட்டும் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த மகான் அதைத் தம்முடைய விரதச் சாப்பாட்டிலேயே கண்டுபிடித்தார்.

வயிற்றுக்கடுப்பு இலேசாகத் தொடங்கியது. ஆசிரமத்துக்கு வந்த அன்று ஏதோ பண்டிகை. கஸ்தூரிபாய் அம்மையார் எண்ணெயில் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் பயறும் வைத்தார். பட்டினி போடவேண்டிய வயிற்றில் அதையும் நிரப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் நோய் முற்றியது. அன்றே நதியாத் போய்ச் சேர்ந்தவர் நாளொன்றுக்கு 30, 40 தடவை போனார். மருந்தை மறுத்தார். உடம்பு உருகியது. சாவு வந்துவிட்டதென்றே எண்ணி, ஆசிரமத்தாருக்குக் கடைசி வார்த்தையும் சொல்லிவிட்டார்.

மாதங்கள் கடந்தும் பலம் திரும்பவில்லை. பம்பாயில் டாக்டர் தலால் சோதித்துப் பார்த்து, பால் குடித்தாலன்றி உடம்பு தேறாது என்று தீர்மானமாகச் சொன்னார். பால் விஷயத்தில் தாம் கட்டுப்பட்டிருப்பதையும், மாடுகளுக்குச் செய்யும் கொடுமையே அதற்குக் காரணம் என்பதையும் காந்தியடிகள் சொன்னார். கட்டிலருகே நின்ற கஸ்தூரிபாய் அம்மையார் உடனே குறுக்கிட்டார்: அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? டாக்டர் அதை இறுகப் பற்றிக்கொண்டார். பல மாதம் மரணப்படுக்கையைக் காத்த மனைவியின் கேள்வி அது. அதைத் தந்திரம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

காந்தியடிகள் இணங்கினார். வாக்குக் கொடுத்தபோது பசுவும் எருமையும்மட்டுமே அவர் மனத்தில் இருந்தன, ஆடு இருக்கவில்லை. வார்த்தைப்பாடு கொடுத்தவனுடைய கருத்தளவுக்கே அது கட்டும் என்று குருமடத்தில் எங்களுக்கு ஒழுக்க சாஸ்திரம் கற்பித்தார்கள். அதன்படி பார்த்தால் அவர்மேல் குற்றமேயில்லை. உயிருக்கு ஆபத்து வேறு இருந்தது. நம் திருச்சபையிலானால், இப்படிப்பட்ட கட்டிலிருந்து விடுவிக்கவோ அதை வேறு புண்ணியமாக மாற்றவோ அதிகாரமுள்ள மேற்றிராணியார் உண்டு, குருக்கள் உண்டு. காந்தியடிகளுக்கு அப்படி ஒருவரும் இல்லை. தம் வழக்கில் தாமே நீதிபதி. அவர் என்னிடம் வந்திருந்தால் நான் விடுதலை சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் சமாதானத்தோடு போயிருக்கமாட்டார்.

ஏனெனில் முட்டையை மாமிசம் என்று ஒப்புக்கொண்ட அதே மனச்சாட்சி, பாலென்றால் எல்லா மிருகங்களின் பாலும்தான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டேயிருந்தது. எழுத்தைக் காத்து ஆவியை விட்டுவிட்டதாக அவர் தம்மையே குற்றஞ்சாட்டினார். உயிர்மேல் ஆசையா என்றால், அதுவும் தான். சத்தியாக்கிரகத்தைத் தொடரவேண்டும் என்ற ஆவலே தம்மை வாழத் தூண்டியதாக ஒப்புக்கொண்டார். தேறிவரும்போதே ரௌலட் சட்டத்தைப்பற்றிப் பத்திரிகையில் படித்தார். 1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், நின்று பேசவும் பலமில்லாத நிலையில், சென்னைக் கதீட்ரல் ரோட்டில் ராஜாஜி தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். தேசமெங்கும் கடையடைத்து உபவாசமிருக்கும் யோசனை ஒரு விடியற்காலையில் அவருக்கு அந்த வீட்டில்தான் உதித்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி தேசம் அதை அனுசரித்தது. அந்த உடம்பை எழுப்பி நடத்திய ஆகாரங்களில் ஆட்டுப்பாலும் ஒன்று.

இத்தனை நடந்தும், பல வருடங்களுக்குப்பின் தம் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தபோது, அந்த ஆட்டுப்பால் தம் நெஞ்சில் முள்ளாக இருப்பதை அவர் மறைக்கவில்லை. அதை விட்டுவிட வழி தேடிக்கொண்டிருப்பதாகவும், விடமுடியவில்லை என்றும் எழுதினார். கடைசிவரை விடமுடியவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி மாலையில், பிரார்த்தனைக்கு எழுந்து போகுமுன் அவர் உண்ட கடைசி ஆகாரத்திலும் ஆட்டுப்பால் இருந்தது.